அனலில் இட்ட மெழுகு: செயல்முறை விளக்கம் எழுத ஓர் ஓவியப் பாடம்

‘அனலில் இட்ட மெழுகு போல’ என்ற உவமைத்தொடருக்குப் பொருள் கேட்டால் நம் மாணவர்கள் யோசிக்காமல் எழுதிவிடுவார்கள்: துன்பத்தால் மனம் உருகுதல். விடை சரி. மதிப்பெண்ணும் கிடைக்கும். அதே மாணவரிடம், “அனலில் இட்ட மெழுகுக்கு என்னதான் ஆகிறது, வரிசையாகச் சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள். “உருகும், டீச்சர்” என்பார். அப்புறம்? “அவ்வளவுதான், டீச்சர்.”

செயல்முறையை விளக்கி எழுதச் சொல்லும்போது இந்த ‘அவ்வளவுதான்’ நம் காலை வாரிவிடுகிறது. முதலில், அடுத்ததாக, பிறகு, இறுதியாக என்று நான்கு சொற்களைத் தூண் மாதிரி நட்டுவிட்டு, நடுவில் ஒவ்வொரு வாக்கியம் வைத்துவிட்டால் கட்டுரை முடிந்தது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எல்லாப் படியும் முதல் தடவையிலேயே சரியாக நடந்துவிடும். எதுவும் கருகாது, ஒழுகாது, உரியாது. உலகத்தில் அப்படி ஒரு வேலை உண்டா என்ன? முப்பது தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும், அந்த முப்பதும் ஒரே தாளாகத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு மாற்றாக, மெழுகை வைத்து ஓவியம் செய்கிறவர்களின் வேலையை இங்கே விளக்குகிறேன். ஓவியம் வரையத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். அந்த வேலையில் தவறுகள் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியும், சில நேரம் மூக்குக்கும் தெரியும். எழுதிப் பழக அதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம்.

சூடான மெழுகில் வண்ணப்பொடியைக் கலந்து, அது ஆறுவதற்குள் பலகையில் பூசி, மீண்டும் சூடு காட்டி ஒன்றோடொன்று பிணைப்பதை ‘என்காஸ்டிக்’ என்கிறார்கள். கிரேக்கச் சொல்; ‘சுட்டுப் பதித்தல்’ என்பது அதன் பொருள். நாம் ‘சுடுமெழுகு ஓவியம்’ என்று வைத்துக்கொள்வோம். மிகப் பழைய கலை இது. எகிப்தில் ரோமானியர் ஆட்சிக் காலத்தில், ஏறக்குறைய 1 முதல் 3 ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவர்களின் முகங்களை மரப்பலகையில் இப்படி வரைந்து, பதப்படுத்திய உடலோடு சேர்த்துக் கட்டினார்கள். ஃபாயூம் முகங்கள் என்று அவற்றுக்குப் பெயர். 1888 இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி ஹவாரா என்ற இடத்தில் தோண்டியபோது நிறையக் கிடைத்தன. கண் இமை ஈரம் காயாதது மாதிரி இன்றைக்கும் இருக்கின்றன. தேன்மெழுகு ஈரத்தை உள்ளே விடாது, சீக்கிரம் மஞ்சளிக்காது, பூச்சி அரிக்காது.

தேன்மெழுகு மட்டும் போதாது. அது மென்மையானது, நகம் பட்டாலே கீறிவிடும். அதனால் ஒரு மரப்பிசினைச் சேர்க்கிறார்கள். அந்தப் பிசினுக்கு உலகம் முழுக்க ஓவியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டாமார்’. அது மலாய்ச் சொல்! நம் காடுகளில் மெராந்தி, செங்கால் வகை மரங்களிலிருந்து வடியும் பிசின்தான். தமிழில் இந்த இனத்தைக் குங்கிலியம் என்போம். சிவன் கோயில்களில் குங்கிலியத் தூபம் போட்டே அறுபத்து மூவரில் ஒருவரானார் குங்கிலியக்கலய நாயனார். நியூயார்க் ஓவியர் ஒருவரின் மேசையில் இருக்கும் டப்பாவில் நம் ஊர்க் காட்டின் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

இனி வேலைக்கு வருவோம்.

தேன்மெழுகு ஏறக்குறைய 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். குங்கிலியம் கரைய அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும். எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம் என்று பலர் தொடங்குவார்கள். பிசின் கூடினால் ஓவியம் கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ரொம்பக் கூடிவிட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். குறைந்தால் பிசுபிசுவென்று தூசியைப் பிடிக்கும். ‘சரியான’ அளவு எது? அது ஊரின் வெப்பத்தைப் பொறுத்தது, படம் எங்கே தொங்கப் போகிறது என்பதைப் பொறுத்தது, மெழுகு எந்தத் தேனடையிலிருந்து வந்தது என்பதையும் பொறுத்தது. ஜொகூர் பாருவில் மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் சுடுமெழுகு ஓவியத்தை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அது இளகியிருக்கும். குளிர்நாட்டில் எழுதிய கையேட்டில் இந்த எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்காது.

அடுத்தது பலகை. மெழுகு உறிஞ்சப்பட வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். கடையில் வாங்கும் ஆக்ரிலிக் பூச்சு பூசிய கேன்வசில் பூசினால் முதலில் அழகாகத்தான் தெரியும். ஆனால் ஆக்ரிலிக் பிளாஸ்டிக் போன்றது. மெழுகு அதன்மேல் உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. கொஞ்ச நாளில் ஓரத்தில் நகத்தை வைத்தால் ஏடு ஏடாக உரிந்து வந்துவிடும். துணி வளைந்தாலும் மெழுகு விரிசல் விடும். ஆகவே ஒட்டுப்பலகை. அதையும் லேசாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். சில்லென்ற பலகையில் தூரிகையை வைத்தால் மெழுகு அங்கேயே கட்டி தட்டி நின்றுவிடும்.

ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு வெப்பக்காற்றுக் கருவியாலோ இஸ்திரிப் பெட்டியாலோ சூடு காட்டி, கீழ்ப்பூச்சோடு மேல்பூச்சை இணைக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பலகைகள் கெடுகின்றன. சூடு குறைந்தால் இரண்டு பூச்சும் தனித்தனியாகவே இருந்து, பிறகு பிரியும். கூடினால் நீலம் மஞ்சளுக்குள் ஓடி, பார்த்துப் பார்த்து வரைந்த கோடு காணாமல் போகும். மேற்பரப்பு லேசாக ஈரம் பட்டதுபோல் மினுங்கும் அந்த ஒரு கணத்தில் கருவியை எடுத்துவிட வேண்டும். எத்தனை விநாடி என்று யாரும் எழுதி வைக்க முடியாது. பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டுப் பெற்ற அறிவுக்குத் தமிழில் ‘பட்டறிவு’ என்று பெயர் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

இதோடு காகிதம், நூல், துணி, காய்ந்த இலை, கரிக்கோடு, புகைப்படம் எல்லாம் சேர்ந்தால் அது கலப்பு ஊடக ஓவியம். சேர்க்கச் சேர்க்கத் தவறுக்கான வாசலும் கூடும். ஓர் எடுத்துக்காட்டு: செய்தித்தாள் துண்டை மெழுகில் தோய்த்து ஒட்டினால் காகிதம் கண்ணாடிபோல் ஆகிவிடும். பின்பக்கத்து எழுத்தும் முன்னால் தெரியத் தொடங்கும், இடவலம் மாறி. முன்பக்கத்தை மட்டும் காட்ட நினைத்தவருக்கு இது இடைஞ்சல். இரண்டையும் காட்டலாமே என்று அதைப் பார்த்து நினைத்தவருக்கு இதுவே ஒரு புது உத்தி.

அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறார். அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ். 1954 இல் தம் நாட்டுக் கொடியைப் பெரிதாக வரைவதுபோல் ஒரு கனவு கண்டு, மறுநாளே வேலையைத் தொடங்கினார். முதலில் எடுத்தது வீட்டுக்கு அடிக்கும் எனாமல் சாயம். அது காயத் தாமதமானது. ஒரு தீற்றலின்மேல் அடுத்த தீற்றலை வைத்தால் இரண்டும் கலங்கிப்போயின. அதனால் மெழுகுக்கு மாறினார். மெழுகு கணத்தில் இறுகிவிடும். முதல் தீற்றல் அப்படியே நிற்க, அதன்மேல் அடுத்ததை வைக்கலாம். செய்தித்தாள் துண்டுகளும் துணியும் மெழுகும் எண்ணெய் வண்ணமும் சேர்ந்து ‘கொடி’ என்ற அந்தப் படம் உருவாயிற்று. ஏறக்குறைய 107 சென்டிமீட்டர் உயரம், 154 சென்டிமீட்டர் அகலம். இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருகில் போனால் மெழுகுக்குக் கீழே செய்தித்தாள் எழுத்துகள் தெரியும். சாயம் காயாததால் வந்த எரிச்சல், ஒரு நூற்றாண்டின் முக்கியமான படங்களில் ஒன்றுக்கு வழிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அமெரிக்கா வரை போக வேண்டாம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் பினாங்கில் சுவா தியான் தெங் என்ற ஓவியர் வேறொரு வழியில் மெழுகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாத்தேக் துணித் தொழிற்சாலை ஒன்றை நடத்திப் பார்த்தார், அது கைகொடுக்கவில்லை. மீந்த சாயமும் துணியும் கையில் இருந்தன. சட்டைக்கும் கைலிக்கும் பயன்பட்ட பாத்தேக் முறையில் ஓவியமே வரைந்தால் என்ன என்று முயன்றார். 1955 இல் பினாங்கில் அந்த ஓவியங்களின் கண்காட்சி நடந்தது. 1968 இல் யுனிசெஃப் அவருடைய ஓவியம் ஒன்றை வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுத்தது. 2008 இல் மறைந்த அவரைப் பாத்தேக் ஓவியத்தின் தந்தை என்று நம் நாட்டில் குறிப்பிடுகிறார்கள்.

வியாழக்கிழமைகளில் பாத்தேக் உடுத்திப் பள்ளிக்குப் போகிற நாம், அது எப்படி ஆகிறது என்று ஒரு நிமிடம் நின்று யோசித்தால் தலை சுற்றும். ஏனென்றால் அது தலைகீழ் வேலை. சுடுமெழுகு ஓவியத்தில் மெழுகுதான் வண்ணம். பாத்தேக்கில் மெழுகு வண்ணத்தைத் தடுக்கும் சுவர். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் முதலில் மெழுகு. துணியை மஞ்சளில் முக்க வேண்டும். மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த மெழுகு. பிறகு சிவப்பில் முக்கினால், மஞ்சள்மேல் சிவப்பு ஏறி ஆரஞ்சு கிடைக்கும். இப்படி வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போய், கடைசியில் கொதிநீரில் மெழுகையெல்லாம் கழற்றிய பிறகுதான் படம் கண்ணுக்குத் தெரியும். அதுவரை ஓவியர் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இப்போது நம் நாட்டில் அதிகம் செய்வது, சாந்திங் என்ற சிறு செப்புக்குழாய்க் கருவியால் மெழுகுக் கோடு இழுத்து, அந்தப் பாத்திக்குள் தூரிகையால் சாயம் விடுவது. அதிலும் மெழுகுக் கோட்டில் ஓர் ஊசிமுனை இடைவெளி இருந்தால் போதும், சாயம் அடுத்த பாத்திக்குள் ஒழுகிவிடும். மெழுகின் சூடு குறைந்தால் கோடு துணியின் மேலேயே வெளுப்பாக நிற்கும், பின்பக்கம் இறங்காது. சாயம் அடியில் புகுந்துவிடும். சூடு கூடினால் கோடு அகலமாகப் பரவும். துணியைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கமும் கோடு தெளிவாகத் தெரிந்தால் சூடு சரி.

தமிழ்நாட்டுக்கும் இந்த மெழுகு புதிதல்ல. கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கோடாலிகருப்பூரில் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகச் சேலைகள் நெய்தார்கள். சரிகையைப் பூவேலையாகத் தறியிலேயே நெய்து, பிறகு மெழுகால் கோடுகளைக் காத்து, சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். நெசவு, மெழுகு, சாயம் மூன்றும் ஒரே துணியில்! அரசு போனதும் வாங்க ஆளில்லாமல் 19 ஆம் நூற்றாண்டிலேயே அந்தத் தொழில் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு சென்னையில் இன்னொரு முறை மெழுகு கைகொடுத்தது. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966 இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ஓவியம் விற்காத அந்தக் காலத்தில், பாத்தேக் துணிகளும் மற்றக் கைவினைப் பொருள்களும் விற்ற பணம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

மேலே சொன்ன இரண்டு வேலைகளிலும் தவறு ஒரே வகையானதல்ல. சுடுமெழுகு ஓவியத்தில் பிடிக்காத இடத்தைச் சூடாக்கிச் சுரண்டி எடுத்துவிடலாம்; சுரண்டிய மெழுகை மறுபடி உருக்கிப் பயன்படுத்தலாம். சுரண்டிய தடம்கூடப் படத்துக்கு ஆழம் தரும். பாத்தேக்கில் அப்படியல்ல. துணியில் தெரியாமல் சொட்டிய ஒரு துளி மெழுகைச் சுரண்டினாலும் அது நூலுக்குள் இறங்கியிருக்கும். அந்த இடம் சாயத்தைத் தள்ளும். ஓவியர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்தப் புள்ளியை ஒரு மொட்டாகவோ ஒரு பறவையின் கண்ணாகவோ வடிவத்துக்குள் இழுத்துக்கொள்வது. என்னைக் கேட்டால், வீட்டில் எழுதும் முன்வரைவு சுடுமெழுகு வேலை. தேர்வு மண்டபத்தில் பேனாவால் எழுதுவது பாத்தேக் வேலை. நாமோ பெரும்பாலும் பாத்தேக்குக்கு மட்டும் மதிப்பெண் போடுகிறோம், சுடுமெழுகுக்கு நேரமே ஒதுக்குவதில்லை. அதனால்தான் நான்கு வரி அடித்ததும் தாளையே கசக்கிப் போடுகிற மாணவர்கள் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

கல்வி உளவியல் படித்த ஆசிரியர்களுக்குத் ‘முயன்று தவறிக் கற்றல்’ என்ற தொடர் மனப்பாடமாக இருக்கும். தார்ண்டைக் 1898 இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து ஆராய்ந்ததை மேற்கோள் காட்டித் தேர்வு எழுதியிருப்போம். பூனை பிறாண்டும், கடிக்கும், மோதும். தற்செயலாகத் தாழ்ப்பாள் திறக்கும். அடுத்தடுத்த முறை நேரம் குறையும். மெழுகு ஓவியர் செய்வது இந்தப் பூனை வேலை இல்லை என்பது என் கருத்து. அவர் ஒரு சிறு பலகையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறார். பிசின் அளவை மாற்றினால் சூட்டை மாற்ற மாட்டார். பலகையின் பின்பக்கம் தேதியும் அளவும் குறித்து வைக்கிறார். எழுதி வைக்காத முயற்சி வெறும் பிறாண்டல்தான். எழுத்து அங்கேயே வந்துவிட்டது பார்த்தீர்களா?

அந்த எழுத்தில் தமிழ் இலக்கணம் ஒரு சலுகை தருகிறது. தன்வினை, பிறவினை. மெழுகு உருகியது, மெழுகை உருக்கினேன். ஆறியது, ஆற்றினேன். இளகியது, இளக்கினேன். பரவியது, பரப்பினேன். இறுகியது, இறுக்கினேன். ஒழுகியது, ஒழுக்கினேன். பிறவினை நம் கை செய்தது. தன்வினை பொருள் தானாகச் செய்தது. நம் மாணவர்களின் செயல்முறைக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள், எல்லாம் பிறவினையாக இருக்கும்: உருக்க வேண்டும், கலக்க வேண்டும், பூச வேண்டும். பொருளுக்குப் பேச வாய்ப்பே இல்லை. தவறு எப்போதும் தன்வினையில்தான் நடக்கிறது. நான் பூசினேன், அது பரவிவிட்டது. நான் ஒட்டினேன், அது உரிந்துவிட்டது. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதினால் கட்டுரைக்கு உயிர் வந்துவிடும்.

இப்படி ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்: “முதலில் மெழுகை உருக்க வேண்டும். அடுத்ததாக வண்ணம் கலக்க வேண்டும். பிறகு பலகையில் பூச வேண்டும். இறுதியாக அழகிய ஓவியம் தயாராகிவிடும்.” பிழை எதுவும் இல்லை. படித்து முடித்தவர் ஓவியம் செய்ய முடியுமா என்றால், முடியாது.

இப்போது இதைப் பாருங்கள்: “உருக்கிய மெழுகைத் தூரிகையில் எடுத்துப் பலகைக்குக் கொண்டுபோவதற்குள் அது ஆறிவிடுகிறது. பூசிய இடத்தில் கட்டி கட்டியாக நிற்கிறது. தூரிகையின் சூட்டைக் கூட்டினாலும் பலன் குறைவு. பலகை சில்லென்று இருக்கும்வரை மெழுகு இறுகத்தான் செய்யும். பலகையை இளஞ்சூடாக்கிக்கொண்டு பூசினால் ஒரே சீராகப் பரவும்.” ஐந்தே வாக்கியம். ‘கொண்டுபோவதற்குள்’, ‘கூட்டினாலும்’, ‘இருக்கும்வரை’, ‘பூசினால்’ என்ற எச்சங்கள் காரணத்தையும் நிபந்தனையையும் சுமக்கின்றன. ‘முதலில், அடுத்ததாக’ தேவையே படவில்லை. படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இந்த எச்சங்களை அடிக்கோடிட்டு, தங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுக்கு எழுதிப் பார்க்கலாம். தோசை சுடுவது, சைக்கிள் சங்கிலி மாட்டுவது, கோலம் போடுவது, எதுவானாலும் சரி. ஒரே நிபந்தனை, கட்டுரையில் குறைந்தது இரண்டு இடத்தில் ஏதாவது கெட்டுப்போக வேண்டும், அது ஏன் கெட்டது என்பதும் தெரிய வேண்டும்.

வகுப்பில் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று. நேரடி அடுப்புத் தீயில் மெழுகை உருக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினால் போதும், சன்னல்கள் திறந்திருக்கட்டும். புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூட வேண்டும். கலைக்கல்வி ஆசிரியரைக் கூட வைத்துக்கொள்வது நல்லது. இதெல்லாம் சிரமம் என்றால், அடுப்பே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. வெள்ளை மெழுகுப் பென்சிலால் காகிதத்தில் அழுத்தி ஒரு சொல் எழுதச் செய்து, அதன்மேல் தண்ணீராகக் கரைத்த நீல வண்ணத்தைப் பூசச் சொல்லுங்கள். அழுத்தி எழுதியவரின் சொல் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மெல்ல எழுதியவரின் சொல் பாதி மூழ்கியிருக்கும். யாருக்கு ஏன் மூழ்கியது என்று அவர்களே ஐந்து வரி எழுதட்டும், காகிதம் காய்வதற்குள்.